ஆறு என்றால் வழி: கிள்ளான் ஆற்றில் மீன் செல்லும் பாதை

தமிழில் ஆறு என்னும் சொல் நீரோடும் ஆற்றையும் குறிக்கும். நடந்து செல்லும் வழியையும் குறிக்கும். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி காட்டும் நூலுக்கு ஆற்றுப்படை என்று பெயர் அமைந்தது இந்த இரண்டாம் பொருளால்தான். இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் வந்து கூடியது எவ்வாறு என்பதைச் சொல்லாய்வார் ஆராயட்டும். நாம் இங்கு எடுத்துக்கொள்வது அதனினும் எளிய வினா. கோலாலம்பூரின் நடுவே ஓடும் கிள்ளான் ஆறு இன்று எவருக்கு வழியாக இருக்கிறது?

ஒரு காலத்தில் மனிதருக்கே அதுதான் வழி. 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளானிலிருந்து படகு தள்ளி இந்த ஆற்றின் வழியேதான் மேலேறினர். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் இறங்கி, அம்பாங்கை நோக்கிக் காட்டுக்குள் நடந்தனர். ஒரு திங்களுக்குள் காய்ச்சலால் அவர்களுள் பெரும்பாலோர் மாண்டனர். பிழைத்தவர்களையும் பின்வந்தவர்களையும் கொண்டு அக்கூடுமிடத்தில் எழுந்த ஊரே கோலாலம்பூர். மலாய் மொழியில் ‘கோலா’ என்பது ஓர் ஆறு மற்றோர் ஆற்றிலோ கடலிலோ சேரும் இடம். ‘லும்பூர்’ என்பது சேறு. நம் முன்னோர் கூடல் என்று வழங்கிய சொல்லுக்கு மிக அணுக்கமானது இந்தக் கோலா. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் இருப்புப்பாதை வந்தபின் மனிதர் அந்த நீர்வழியை மறந்தனர். மீனுக்கு அப்படி மாற்றுப்பாதை ஒன்றும் போடப்படவில்லை.

ஆற்றின் அமைப்பை முதலில் சுருக்கமாகக் காண்போம். கிள்ளான் ஆற்றின் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அதன் வடிநிலம் 1,288 சதுர கிலோமீட்டர். உலு கிள்ளான் பகுதியில், படிகப் பாறைத் தொடரை அடுத்த மலைக்காட்டில் தோன்றி, அம்பாங், கோம்பாக், பத்து, கெராயோங், டாமன்சாரா முதலிய கிளையாறுகளை ஏற்றுக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸின் ஓரமாகச் சென்று, ஷா ஆலாமையும் கிள்ளான் நகரையும் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. தலைப்பகுதியில் காட்டோடை, இடையில் நகர்க் கால்வாய், கடைப்பகுதியில் ஓதம் ஏறி இறங்கும் உவர்நீர், முடிவில் கண்டல் காடுகள் சூழ்ந்த கழிமுகத் தீவுகள். நாட்டின் பிற பெரிய ஆறுகள் இவற்றைப் பல நூறு கிலோமீட்டரில் பரப்பி வைத்திருக்க, கிள்ளான் ஆறு 120 கிலோமீட்டருக்குள் அனைத்தையும் அடக்கியிருக்கிறது. ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல பாடநூல் அமையாது. ஆனால் அந்நூலின் நடு ஏடுகள்தாம் கிழிக்கப்பட்டிருக்கின்றன.

கிழித்தது ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. முதலில் ஈயச் சுரங்கங்கள் மண்ணைக் கழுவி ஆற்றில் விட்டன; படுகை மேடாயிற்று. 1881இல் தீயும் வெள்ளமும் ஊரை அழித்தபின் கட்டடங்களைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்றாயிற்று. அதற்கான களிமண்ணை ஆற்றோரத் தாழ்நிலம் தந்தது. செங்கற் சூளைகள் நின்ற அந்நிலமே பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின் நகருக்குள் ஆற்றின் வளைவுகள் நிமிர்த்தப்பட்டன. 1958இல் குடிநீருக்காகக் கிள்ளான் கேட்ஸ் அணை எழுந்தது. 1971 ஜனவரியில் மீண்டும் தலைநகர் மூழ்கியபோது, ஆற்றை அகலப்படுத்தி, ஆழப்படுத்தி, கரையைக் கான்கிரீட்டால் கட்டும் பணி முழு வேகம் பெற்றது. பின்னர் வந்த அம்பாங்–கோலாலம்பூர் உயர்மட்ட நெடுஞ்சாலை, விலைமிக்க நிலத்தைத் தேடாமல் ஆற்றை ஒட்டியே தன் தூண்களை ஊன்றிக்கொண்டது.

இவற்றைச் செய்தவர்களைக் குறை கூறுவது எளிது, முறையன்று. வீட்டுக்குள் நீர் புகுந்தவனிடம் மீனைப் பற்றிப் பேச முடியாது. வெள்ளத்தை விரைவாகக் கடலுக்கு அனுப்புவதே அன்றைய பொறியியலின் அறிவு. விரைவாக நீரை அனுப்பும் வாய்க்கால் மீனுக்கு ஏன் வழியாகாது என்பதை விளங்கிக்கொண்டால்தான் மீட்சி என்பது என்ன என்று தெரியும்.

மீன் ஆற்றில் ஓரிடத்தில் பிறந்து அங்கேயே வாழ்ந்து மடிவதில்லை. பல இனங்களுக்கு முட்டையிட ஓரிடமும், குஞ்சுகள் வளர ஓரிடமும், வறண்ட காலத்தில் ஒதுங்க ஓரிடமும் வேண்டும். புதுவெள்ளம் வரும்போது மீன் எதிரேறுவதை நம் சிற்றூர் மக்கள் நன்கறிவர். எதிர்நீச்சல் என்று நாம் மனிதரைப் பாராட்டிச் சொல்லும் சொல்லே மீனிடமிருந்து பெற்ற கடன். இம்மண்ணின் சிறந்த எடுத்துக்காட்டு ‘ஊடாங் காலா’ எனப்படும் ஆற்றுப் பேரிறால். நன்னீரில் வாழும் அந்த இறாலைப் பண்ணையில் வளர்க்கப் பலரும் முயன்றபோது முட்டையிலிருந்து வெளிவந்த இளவுயிரிகள் சில நாளில் இறந்துபோயின. 1961இல் பினாங்கு குளுகோரில் ஆய்வு செய்த லிங் ஷாவ்-வென் என்னும் அறிஞர் அதன் காரணத்தைக் கண்டார்: இளவுயிரிக்கு உப்பு கலந்த நீர் வேண்டும். தாய் இறால் முட்டையைச் சுமந்துகொண்டு கழிமுகம் நோக்கி இறங்குகிறது. குஞ்சு சிறிது வளர்ந்தபின் ஆற்றை எதிர்த்து மேலேறுகிறது. உலகெங்கும் இன்று நடைபெறும் பேரிறால் வளர்ப்புக்கு அக்கண்டுபிடிப்பே வித்து. ஆற்றையும் கடலையும் இணைக்கும் வழியில் ஒரு தடுப்பு விழுந்தாலும், நீர் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், மேலே இறால் இராது.

இதைத் தமிழகம் முன்பே பட்டறிந்தது. கடலிலிருந்து காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறி முட்டையிட்ட மீன் உல்லம். வங்காளத்தார் இல்சா என்பர். சரவாக்கின் புகழ்பெற்ற தெருபோக் மீன் அதற்கு உறவு. கொள்ளிடத்தில் 1836இல் ஆர்தர் காட்டன் காலத்தில் அணைகள் எழுந்தன. பாசனத்துக்கு அவை செய்த நன்மை பெரிது. ஆயினும், 1873இல் இந்தியாவின் நன்னீர் மீன்வளம் பற்றி அறிக்கை எழுதிய பிரான்சிஸ் டே, அணைகள் மீன் ஏறுவதைத் தடுப்பதையும் அவற்றில் மீன்வழி அமைக்க வேண்டியதையும் எடுத்துரைத்தார். 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் காவிரியின் உல்லம் மீன்பிடி வெகுவாகச் சரிந்தது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே சொல்லப்பட்ட செய்தி இது. புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் நாம் பேசிக்கொண்டிருப்பது சற்று வெட்கத்திற்குரியது.

தடுப்பு என்றவுடன் பேரணையே நம் கண்முன் வருகிறது. நகர ஆற்றில் மெய்யான தடைகள் பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்கு மேற்படாதவை. ஐரோப்பியச் சால்மன் மீன் அருவியைத் தாவிக் கடப்பதைப் படத்தில் கண்டிருப்போம். நம் ஆறுகளில் வாழும் கெண்டை இனங்களிலும் கெளுத்தி இனங்களிலும் பெரும்பாலானவை அவ்வாறு தாவுவன அல்ல. பாலத்தின் அடியில் படுகை அரிக்காதிருக்கக் கட்டிய ஒரு சாண் படியும் சிறுமீனுக்கு மதிற்சுவர். அடுத்த தடை வேகம். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள மீன் இளைப்பாறாமல் நீந்தும் வேகம், நொடிக்குத் தன் உடல் நீளத்தின் சில மடங்குதான். இயற்கை ஆற்றில் கல்லின் பின்னும் வேரின் அடியிலும் நீர் தேங்கிச் சுழலும். மீன் ஒரு கல்லிலிருந்து மறு கல்லுக்குப் பாய்ந்து, நின்று, மூச்சு வாங்கி மேலேறும். வழவழப்பான கான்கிரீட் கால்வாயில் நிற்க இடமே இல்லை. மழை பெய்தால் நீரின் வேகம் மீனை அடித்துச் செல்கிறது. மழை நின்றால் அகன்ற தட்டையான அடித்தளத்தின்மீது நீர் விரலளவு ஆழத்தில் பரவி, வெயிலில் சூடாகிறது. ஒரே கால்வாய் காலையில் பாலையாகவும் மாலையில் காட்டாறாகவும் இருப்பதை நம் மாணவர் எவரும் பாலத்தின்மேல் நின்று காணலாம்.

சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். 25 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் தூய நீரில் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். இருக்கும் சிறிதளவையும் கழிவுகளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் உண்டுவிடுகின்றன. எனவே நகர ஆற்றில் வேதித் தடையும் உண்டு. கண்ணுக்குப் படாத சுவர் அது. கழிவுநீர் வந்து கலக்கும் ஒரு கிலோமீட்டர் நீளத்தில் உயிர்வளி அற்றுப்போனால், அதற்கு மேலும் கீழும் நல்ல நீர் இருந்தும் மீன் அதைக் கடக்காது.

இந்நிலையில்தான் ‘ரிவர் ஆப் லைப்’ எனப்படும் உயிர்நதித் திட்டம் வந்தது. 440 கோடி ரிங்கிட் மதிப்பில், கிள்ளான் ஆற்றிலும் அதன் கிளைகளிலுமாக 110 கிலோமீட்டர் நீளத்தைத் தூய்மையாக்குவது அதன் குறி. கழிவுநீர் நிலையங்களை மேம்படுத்துதல், சந்தைக் கழிவுநீரைச் சுத்திகரித்தல், குப்பைப் பொறிகள் அமைத்தல் ஆகிய பணிகள் நடந்தன. மஸ்ஜிட் ஜாமேக் அருகே ஆற்றங்கரை அழகுபடுத்தப்பட்டு 2017இல் திறக்கப்பட்டது. 1909இல் கட்டப்பட்ட அப்பள்ளிவாசலின் முன் இரவில் நீல ஒளியும் பனிப்புகையும் சூழும் காட்சியைச் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கின்றனர்.

நாம் அப்பணியைச் சிறிதாக எண்ணவில்லை. ஊர் தன் ஆற்றுக்கு முதுகு காட்டி நின்ற காலம் போய், முகம் காட்டத் தொடங்கியது பெரிய மாற்றம். ஆனால் அதன் இலக்கு எதுவென்று உற்று நோக்க வேண்டும். நம் நாட்டு நீர்த்தர அளவையில் ஐந்து வகுப்புகள் உள்ளன. முதல் வகுப்பு இயற்கைத் தூய்மை. ஐந்தாம் வகுப்பு எதற்கும் உதவாதது. இரண்டாம் வகுப்பு இரு பிரிவாக உள்ளது: ஒன்று குடிநீருக்கும் மென்மையான நீர்வாழ் உயிர்களுக்கும் உரியது; மற்றொன்று மனிதர் உடல் நனைய இறங்கி விளையாடுவதற்கு உரியது. உயிர்நதித் திட்டம் 2020ஆம் ஆண்டுக்குள் எட்ட விரும்பியது இந்த இரண்டாவது பிரிவை. இலக்கு மனிதத் தோலுக்காக எழுதப்பட்டது. மீனின் செவுளுக்காக அன்று. உயிர்வளி, அமோனியா, கலங்கல் ஆகியவற்றை அளக்கும் எண்கள் இரண்டு பிரிவுக்கும் பெரும்பாலும் ஒன்றே என்பது உண்மைதான். எனினும் எண்கள் நீரைத்தான் அளக்கின்றன. படியையும் செங்குத்துச் சுவரையும் நிழலின்மையையும் அளக்கும் எண் அந்த அட்டவணையில் இல்லை. நீர் முழுத் தூய்மை பெற்றாலும், கான்கிரீட் தொட்டியில் ஓடும் தூய நீராகவே அது எஞ்சக்கூடும்.

இன்று நகரப் பகுதியில் வாழும் மீன்களே இதற்குச் சான்று. திலாப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் உள்ளன. தென்னமெரிக்காவிலிருந்து வளர்ப்புத் தொட்டி வழியாக வந்து சேர்ந்த, உடலெங்கும் கவசம் பூண்ட உறிஞ்சுவாய்க் கெளுத்தியும் உள்ளது. தொட்டியின் பாசியைத் துப்புரவு செய்வதால் மலாய் மக்கள் அதற்கு ‘ஈக்கான் பண்டாராயா’, அதாவது மாநகராட்சி மீன், என்று பெயர் வைத்தனர். பெயர் வைத்தவரின் நகைச்சுவைக்கு நாம் தலைவணங்குகிறோம். துப்புரவாளன் என்று வந்த மீன் கரையில் வளை தோண்டி மண்ணைச் சரிக்கிறது. மற்ற மீன்களின் இரையையும் இடத்தையும் பற்றிக்கொள்கிறது. சிலாங்கூரில் தன்னார்வலர்கள் வார இறுதிகளில் வலையோடு இறங்கி இவற்றைப் பிடித்து அகற்றுகின்றனர். பாராட்டத்தக்க உழைப்பு, ஆயினும் முடிவில்லாதது. உயிர்வளி குறைந்த நீரில் காற்றை விழுங்கி வாழக்கூடிய மீனுக்கு ஏற்ற இடமாக ஆற்றை வைத்துக்கொண்டு, அம்மீனை மட்டும் அகற்றினால் அது மீண்டும் வரும். வரவேண்டியவை மேலே உள்ளன. உலு கோம்பாக்கில் மலாயாப் பல்கலைக்கழகம் 1965 முதல் கள ஆய்வு நிலையம் நடத்தி வருகிறது, ஜே. இ. பிஷப் என்பவர் கோம்பாக் ஆற்றின் உயிரியலை முழு நூலாகவே 1973இல் வெளியிட்டார். ஒரு சிறிய மலாயா ஆறு காட்டிலிருந்து ஊருக்குள் இறங்க இறங்க எவ்வாறு மாறுகிறது என்பதற்கு அரை நூற்றாண்டுப் பழமையுள்ள அளவுகோல் நம் கையில் உள்ளது. எத்தனை நகரங்களுக்கு இப்பேறு உண்டு?

மீட்சி இயலுமா என்று ஐயுறுவோர் தெற்கே பார்க்கலாம். சிங்கப்பூரின் காலாங் ஆறு பீஷான் பகுதியில் 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயாக இருந்தது. கான்கிரீட்டை உடைத்து, வளைவுகளைத் திருப்பித் தந்து, 3.2 கிலோமீட்டர் ஆறாக அதை மாற்றி, 2012இல் பூங்காவாகத் திறந்தனர். கல்லும் வேரும் நாணலும் கரையைப் பிடித்துக்கொள்கின்றன. சாதாரண நாளில் ஆறு ஒடுங்கி, சிறுமீன் நீந்தும் ஆழத்தோடு ஓடுகிறது. பெருமழையில் புல்வெளிமேல் ஏறி நூறு மீட்டர் அகலத்துக்குப் பரவுகிறது. பூங்காவே வெள்ளத்தின் மடியாகிறது. பின்னர் நீர்நாய்க் குடும்பம் ஒன்று அங்குக் குடியேறி நாட்டின் செல்லப்பிள்ளையாயிற்று. நீர்நாய் வந்தது என்றால் அதற்கு நாள்தோறும் உண்ண மீன் உள்ளது என்பதே பொருள்.

இங்கே ஓர் எதிர்வினா எழும். அதனை மறைக்கக் கூடாது. 2021 டிசம்பரில் கிள்ளான் ஆற்றோரத் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைவரை நீர் ஏறியதை மக்கள் மறக்கவில்லை. 2007இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ‘ஸ்மார்ட்’ சுரங்கம் நகர நடுவைக் காக்கும் பணியைச் செய்கிறது. ஆனால் கீழ்ப்பகுதியில் வாழ்வோருக்கு அச்சம் தீரவில்லை. கல்லையும் செடியையும் ஆற்றில் வைத்தால் நீர் தடைப்பட்டு வெள்ளம் கூடாதா? கூடும், அகலத்தைக் கூட்டாமல் செய்தால். சொரசொரப்பான ஆறு வழவழப்பான கால்வாயைவிட மெதுவாகவே நீரை அனுப்பும். அதே வெள்ளத்தைத் தாங்க அதற்கு அதிக இடம் வேண்டும். ஆகவே மீனின் வழக்கு கடைசியில் நிலத்தின் வழக்காக முடிகிறது. நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் வழிகாட்டு நெறி, 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றின் இருகரையிலும் 50 மீட்டர் நிலத்தை ஒதுக்கச் சொல்கிறது. மஸ்ஜிட் ஜாமேக்கிலோ பிரிக்பீல்ட்ஸ் அருகிலோ அந்த ஐம்பது மீட்டரைத் தேடினால் சாலையும் தண்டவாளமும் மாடிக் கட்டடமுமே அகப்படும். நகர நடுவில் பீஷானைப் போலச் செய்ய இயலாது என்பதே நம் கருத்து. அங்கே கான்கிரீட் நிற்கட்டும். அதன் நடுவில் வறட்சிக்கால நீர் ஒன்றுகூடி ஓட ஒரு குறுகிய ஆழ்தடம் வெட்டலாம். படிகளின் கீழே பாறைகளை அடுக்கிச் சாய்தளமாக்கலாம். இடையிடையே மீன் இளைப்பாறப் பள்ளங்கள் விடலாம். இவை வெள்ளத்தின் அளவை ஒப்பிடுமிடத்து மிகச் சிறிய மாற்றங்கள். ஆற்றை அகலவிடும் பெரும்பணிக்கு இன்னும் நிலமுள்ள கிளையாறுகளும், வெள்ளத் தேக்கக் குளங்களும், பழைய ஈயக் குட்டைகளும் ஏற்றவை. மேலே கிள்ளான் கேட்ஸ் அணைக்கு அப்பாலும் மீனை ஏற்ற வேண்டும் என்று நாம் கோரவில்லை; குடிநீர்த் தேக்கத்தைத் தொடாமலே கோம்பாக் கிளை காடுவரை செல்கிறது.

முறை கடலிலிருந்து தொடங்க வேண்டும். மேலே நூறு படிகளை நீக்கிவிட்டு வாயிலில் ஒரு கதவை மூடிவைத்தால் பயன் இல்லை. கடற்கரைத் தாழ்நிலங்களில் ஓதநீர் உள்ளே புகாதிருக்க அமைத்த கதவுகள் ஏற்றத்தின்போது மூடிக்கொள்கின்றன; மீன்குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் உள்ளே வர விரும்புவது அதே ஏற்றத்தோடுதான். கதவைச் சற்று நேரம் தாழ்த்தி மூடும் அமைப்பும், கதவில் சிறு வழி விடும் அமைப்பும் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் நடைமுறையில் உள்ளன.

மொழியார்வலர் கூடும் அவையில் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் இல்லை. ஆற்றின் உறுப்புகளுக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! ஆழ்ந்த இடம் மடு, கயம். மணல் மேடு எக்கர். நீர் வரிவரியாக விட்டுச்செல்லும் கருமணல் அறல். நடுவில் எழும் திட்டு ஆற்றிடைக்குறை, அரங்கம். இறங்கும் இடம் துறை. கடல் சேருமிடம் கழிமுகம். மலாய் மொழியும் இவ்வாறே லுபோக் என்று மடுவையும், ஜெராம் என்று விரைவோட்டத்தையும், பங்காலான் என்று துறையையும் ஊர்ப் பெயர்களில் காத்து வைத்துள்ளது. இச்சொற்கள் அலங்காரத்துக்குப் பிறந்தவை அல்ல. மடு வறட்சியில் மீன் ஒதுங்கும் இடம். விரைவோட்டம் உயிர்வளி கலக்கும் இடம். எக்கர் பறவையும் ஆமையும் ஏறும் இடம். கான்கிரீட் கால்வாயை விவரிக்க ‘லோங்காங்’ என்னும் ஒரு சொல் போதும். நம் பிள்ளைகள் அருஞ்சொற்பொருளில் மட்டும் மடுவைக் காண்பதற்குக் காரணம் மொழிப் பற்றுக் குறைவு மட்டுமன்று. காட்டுவதற்கு மடு இல்லை.

சபாவில் ‘தாகால்’ என்னும் வழக்கு உண்டு. சிற்றூர் மக்கள் தம் ஆற்றின் ஒரு பகுதியில் குறித்த காலம் மீன் பிடிப்பதில்லை என்று தமக்குள் கட்டுப்பாடு செய்துகொள்வர். 2003ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் அதற்கு இடமளித்தது. ஆற்றுக்கு உரிமையாளர் என்று தம்மை எண்ணுவோர் இருந்தால் எத்தகைய ஏற்பாடும் நிலைக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அவ்வுரிமையைக் கொள்ளத்தக்கவர் யார் என்று எண்ணும்போது, கரையோரப் பள்ளிகளே முதலில் நினைவுக்கு வருகின்றன.

பள்ளிகள் தொடங்குவதற்குப் பெருஞ்செலவு வேண்டா. ஆசிரியரும் பெரியோரும் உடனிருக்க, மழையில்லாத நாளில், பாதுகாப்பான ஓரிடத்தைத் தேர்ந்து திங்களுக்கு ஒருமுறை அங்கேயே சென்று குறிப்பெடுக்கலாம். நீரின் வெப்பம், கலங்கல், மணம் ஆகியவற்றோடு, அடியில் உள்ள கல்லைப் புரட்டினால் என்ன உள்ளது என்பதையும் எழுத வேண்டும். சிவந்த புழுக்கள் மட்டுமே இருப்பின் உயிர்வளி மிகக் குறைவு. தும்பியின் இளவுயிரி காணப்பட்டால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. கொக்கும் மீன்கொத்தியும் நீருடும்பும் எங்கே நிற்கின்றன என்று பார்க்கலாம். மீன் கூடும் இடத்தை அவை நமக்கு முன்பே அறிந்திருக்கும். பள்ளியிலிருந்து மேலும் கீழும் ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை படிகள், எத்தனை குழாய்கள், எத்தனை கதவுகள் என்று எண்ணி, ஒவ்வொன்றின் உயரத்தையும் கரையிலிருந்தே மதிப்பிட்டு வரைபடத்தில் குறிக்கலாம். கிள்ளான் நகரை அடுத்த பள்ளிகள் ஓத அட்டவணையையும் உடன் வைத்துக்கொள்க. ஏற்றம் தொடங்கும் வேளையில், மூடிய கதவின் கடற்புறத்தில் சிறுமீன்கள் கூடி நிற்கின்றனவா என்பதை நாள், நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும்.